கூம்புகளுக்கு நடுவே ஒரு நிமிடம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் என்று ஒரு நகரம். அங்கே ஒரு பழைய விமானப்படைத் தளம் இருக்கிறது. 1966இலேயே அதை மூடிவிட்டார்கள். போர் விமானங்கள் நின்ற கான்கிரீட் தரை மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கிறது. செப்டம்பர் மாதம் வந்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார் ஓட்டுநர்கள் அங்கே வந்து கூடாரம் போட்டுவிடுவார்கள். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து வளைந்து நெளிந்து போகும் ஒரு பாதை அமைப்பார்கள். அதில் தனியாக ஓட்ட வேண்டும். பக்கத்தில் முந்துவதற்கு வேறு கார் கிடையாது, போட்டி கடிகாரத்தோடுதான். இதற்குப் பெயர் ஆட்டோகிராஸ்.

ஓர் ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஒரு கூம்பைச் சாய்த்தால் 2 விநாடி அபராதம். பாதையைத் தவறவிட்டால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. லிங்கனில் நடக்கும் தேசியப் போட்டியில் இரண்டு நாள், இரண்டு பாதை, நாளுக்கு மூன்று ஓட்டம். ஒவ்வொரு நாளின் சிறந்த நேரத்தையும் எடுத்துக் கூட்டுவார்கள். முடிவு பல நேரங்களில் விநாடியின் பத்தில் ஒரு பங்கில், நூறில் ஒரு பங்கில்கூடத் தீர்ந்துவிடும்.

இதை நடத்துவது ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா. 1944இல் தொடங்கிய சங்கம். இந்தத் தேசியப் போட்டியை 1973 முதல் நடத்தி வருகிறது. நான் மிச்சிகனில் பொறியாளராக வேலை பார்க்கிறேன். வார இறுதிகளில் இந்தச் சங்கத்தின் போட்டிகளில் ஓட்டுகிறேன். ஷோரூமிலிருந்து எடுத்த ஒரு சின்ன டர்போ காரை, விதியை மீறாமல் இந்தப் போட்டிக்கு எப்படித் தயார் செய்வது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

என் கார் ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்.டி. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலைநகரில் ஃபியஸ்டா தயாரான காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் எஸ்.டி. என்ற இந்த முரட்டுத் தம்பி இந்தியாவுக்கு வரவே இல்லை. அமெரிக்காவில் 2014 முதல் 2019 வரையிலான மாடல்களாக விற்றது. 1.6 லிட்டர் டர்போ எஞ்சின், 197 குதிரைத் திறன். எடை சுமார் 1,230 கிலோ. முன்சக்கரங்கள்தான் காரை இழுக்கும். மளிகை வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் போகும் ஐந்து கதவுக் கார்தான். ஆனால் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினாலே மூக்கு சட்டென்று பாயும்.

இனி போட்டிப் பிரிவு. எதையும் பெரிதாக மாற்றாத கார்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. முன்பு ஸ்டாக் என்று பெயர். 2014இல் ஸ்ட்ரீட் என்று மாற்றினார்கள். எங்களில் பழையவர்கள் இன்றும் ஸ்டாக் என்றுதான் சொல்கிறோம். பெயரோடு டயர் விதியும் மாறியது. அதுவரை சில பத்து ஓட்டங்களிலேயே தேய்ந்து போகும் பந்தய டயர்களைப் போட அனுமதி இருந்தது. இப்போது தேய்மான எண் (எண் கூடக் கூட டயர் மெதுவாகத் தேயும்) 200 அல்லது அதற்கு மேல் உள்ள, சாலையில் ஓட்டத்தக்க டயர்தான். எனக்கு இது நல்ல மாற்றம் என்றே தோன்றுகிறது. சம்பளக்காரர்கள் பலர் இந்த விளையாட்டுக்குத் திரும்ப வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எஞ்சின் கணினியைத் தொடக் கூடாது. டர்போவின் அழுத்தத்தை ஏற்றக் கூடாது. கம்பெனி கொடுத்த ஸ்பிரிங்கே இருக்க வேண்டும். இருக்கையைக் கழற்றி எடை குறைக்க முடியாது. டயர், ஷாக் அப்சார்பர், பிரேக் பேட், ஏர் ஃபில்டரின் உள் அட்டை, சைலன்சரின் பின்பகுதி ஆகியவற்றை மாற்றலாம். சக்கரத்தின் அகலம் மாறக் கூடாது. விட்டம் ஓர் அங்குலம் கூடலாம், குறையலாம். கடைசியாக, முன்னோ பின்னோ ஏதாவது ஒரு பக்கம் மட்டும், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரை மாற்றலாம், புதிதாகச் சேர்க்கலாம்.

அந்த ஒரே ஒரு பார்தான் இந்தக் காரின் உயிர். கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

முன்சக்கரக் காரில் எல்லா வேலையும் முன் டயர்களின் தலையில்தான். திருப்புவதும் அவை, இழுப்பதும் அவை, பிரேக்கில் பெரும் பங்கைத் தாங்குவதும் அவையே. காரின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் முன்னால் இருக்கிறது. வளைவில் கார் சாயும்போது எடை உள் பக்கத்திலிருந்து வெளிப் பக்கத்துக்கு ஓடும். உள் பக்க முன் டயரின் மேல் பாரம் குறையும். அந்த நேரம் பார்த்து ஆக்சிலேட்டரை மிதித்தால் டர்போவின் வேகம் அத்தனையும் பாரமற்ற அந்த டயருக்குப் போய், அது வீணாகச் சுழலும். எஞ்சினின் திறனை இரண்டு முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல். ஃபியஸ்டா எஸ்.டி.யில் இருப்பது சாதாரண வகை. சுழலும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்து அடுத்த சக்கரத்துக்குத் திறனை அனுப்பும் ஏற்பாடு உண்டு. ஆனாலும் பிரேக் பிடித்துக்கொண்டே முன்னேறுவதில் எவ்வளவு லாபம் கிடைத்துவிடும்?

நாம் அந்தப் பாரை முன்னால் போடுவதில்லை, பின்னால் போடுகிறோம். பின் பகுதி விறைப்பாகும்போது சாய்வின் சுமையைப் பின் அச்சு வாங்கிக்கொள்கிறது. முன் அச்சில் எடை அவ்வளவாக இடம் மாறுவதில்லை. உள் முன் டயர் தரையோடு ஒட்டி நிற்கிறது. அதற்கு விலையாக உள் பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். இறுக்கமான வளைவில் எங்கள் கார்களைப் பக்கத்திலிருந்து பார்த்தால், வயலில் கொக்கு ஒற்றைக் காலைத் தூக்கி நிற்பது போல, பின் சக்கரம் ஒன்று காற்றில் நிற்கும். முதன்முறை பார்ப்பவர்கள் பதறுவார்கள். அந்தச் சக்கரத்துக்கு அந்த நேரத்தில் செய்ய வேலை இல்லை. பாரம் முழுவதையும் மற்ற மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. பாரின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க முனையில் துளைகள் இருக்கும். எந்தத் துளையில் போல்ட்டைப் போடுகிறோம் என்பதில் கால் விநாடி கூட ஒளிந்திருக்கும்.

அந்தத் துளை விஷயத்தில் நான் வாங்கிய பாடம் ஒன்று உண்டு. என் இரண்டாவது சீசன். ஏப்ரல் மாதக் காலை. மிச்சிகனில் ஏப்ரல் என்றால் மூச்சு விட்டால் புகை தெரியும். முந்தைய ஆண்டு ஆகஸ்ட் வெயிலில் நன்றாக ஓடியதே என்று, பாரை மிக இறுக்கமான துளையிலேயே விட்டிருந்தேன். முன்சக்கரக் காரில் முன் டயர் ஒரே ஓட்டத்தில் சூடேறிவிடும். பின் டயர் சும்மா உருண்டு வருவதால் சில்லிட்டே கிடக்கும். சில்லிட்ட டயருக்குப் பிடி இல்லை. கூம்புகளை வரிசையாக வைத்து இடம் வலமாக நெளிந்து போகச் செய்யும் ஸ்லாலம் பகுதியில், மூன்றாவது கூம்புக்கு முன்னால் பயத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எடை முன்னால் ஓடியது. பின் பகுதி என்னை முந்திக்கொண்டு வந்தது. கார் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றபோது பம்பருக்கு அடியில் ஒரு கூம்பு கிடந்தது. கொடி பிடித்து நின்ற ஒரு பெரியவர் ஓடி வந்து கூம்பை உருவி எடுத்துவிட்டு, முதல் ஓட்டத்துக்கு பாரை ஒரு துளை தளர்த்து, பின் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கு, சூடான பிறகு மாற்றிக்கொள் என்றார். இன்றைக்கும் குளிர்காலையில் அப்படியேதான் செய்கிறேன். பயம் வந்தால் காலைச் சட்டென்று எடுக்காமல் ஆக்சிலேட்டரை இருந்த இடத்திலேயே பிடித்திருக்கப் பழகியதும் அன்றைக்குப் பிறகுதான்.

டயரின் காற்றைப் பற்றிச் சொன்னேன். ஒரு சாக்பீஸ் போதும். டயரின் விளிம்பில், தரையில் படும் பகுதியிலிருந்து பக்கச் சுவர் வரை மூன்று இடங்களில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஓட்டம் முடிந்து வந்ததும் பாருங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடங்கியிருக்கிறது. பக்கச் சுவரில் இறங்கி அழிந்திருந்தால் காற்று குறைவு. விளிம்புக்கு உள்ளேயே நின்றுவிட்டால் காற்று அதிகம். இந்தக் காரில் முன் சக்கரத்தைச் செங்குத்திலிருந்து உள்சாய்வாக வைக்கும் கேம்பரை மாற்ற கம்பெனி வழி வைக்கவில்லை. விதிப்படி நாமும் அதை நினைத்தபடி மாற்ற முடியாது. வளைவில் டயர் வெளி விளிம்பிலேயே நின்று ஓடுகிறது. இதைச் சமாளிக்க முன் டயரில் தினசரி ஓட்டுவதைவிடக் காற்று கூட்டி வைப்போம். நான் 40 பி.எஸ்.ஐ. அருகில் தொடங்கி, கோட்டைப் பார்த்து இறக்குவேன்.

அலைன்மென்ட்டில் நம் கையில் இருப்பது முன் டோ மட்டும். இரண்டு முன் சக்கரங்களும் மூக்கை வெளிப்பக்கம் சற்றே திருப்பி நிற்கும்படி, மொத்தம் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வைத்தால் ஸ்டியரிங்கைத் தொட்டதும் கார் திரும்பும். நெடுஞ்சாலையில் கொஞ்சம் அலையும், டயரும் சீக்கிரம் தேயும்.

ஷாக் அப்சார்பரில் வெளியிலிருந்து திருப்பக்கூடிய குமிழ் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஒன்றே போதும் என்பேன். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் குமிழ் அது. முன்னால் அதை இறுக்கினால், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மூக்கு சட்டென்று எழும்பாது. மூக்கு தாழ்ந்திருக்கும் வரைதான் முன் டயருக்குப் பிடி. லிங்கனின் கான்கிரீட் கையைக் கீறும் அளவுக்குச் சொரசொரப்பு, கார் நிறையச் சாயும். எங்கள் ஊர் பார்க்கிங் மைதானத் தாரில் அந்த அளவு பிடி இல்லை, அங்கே குமிழைத் தளர்த்தி ஓட்ட வேண்டும்.

அடுத்தது சூடு. டர்போ அமுக்கி அனுப்பும் காற்றைக் குளிரவைக்க முன்னால் இன்டர்கூலர் இருக்கிறது. இந்தக் காரில் அது சின்னது, விதி மாற்ற விடாது. கோடையில் இரண்டு பேர் ஒரே காரைப் பகிர்ந்து ஓட்டினால் காருக்கு ஓய்வே கிடைக்காது. இன்டர்கூலர் சூடாகி, எஞ்சின் சோம்பிவிடும். ஓட்டம் முடிந்து வரிசையில் நின்றதும் பானெட்டைத் திறந்து விடுவோம். ஒருவர் தோட்டத்துத் தெளிப்பானால் முன் டயர்களில் தண்ணீர் அடிப்பார். சூடேறிய டயரிலிருந்து ஆவி எழும்போது ரப்பர் வாடை மூக்கைத் துளைக்கும். எனக்கு அந்த வாடை பிடிக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு ஓட்டுவது மிச்சம் இருக்கிறது. டர்போ எஞ்சின் கேட்டதும் கொடுக்காது. ஒரு மூச்சு தாமதித்து, பிறகு மொத்தமாகக் கொடுக்கும். வளைவின் நடுவில் முழுதாக மிதித்தால், வளைவு முடிகிற இடத்தில் திறன் வந்து குவிந்து மூக்கு வெளியே ஓடும். வளைவுக்குள் நுழையும்போதே கால் பெருவிரலால் லேசாகக் கேட்க ஆரம்பித்து, ஸ்டியரிங் நேராகும் அளவுக்கு மட்டும் காலை இறக்க வேண்டும். ஓட்டம் முழுவதும் பெரும்பாலும் இரண்டாவது கியர்தான், கைக்கு வேலை குறைவு. வேலை எல்லாம் கண்ணுக்கும் காலுக்கும்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் எதை மாற்றலாம் என்று கேட்பார்கள். முதல் சீசனில் நல்ல டயரைத் தவிர எதையும் வாங்காதீர்கள் என்று சொல்வேன். அடுத்து பின் பார், அதற்கடுத்து ஷாக் அப்சார்பர். சைலன்சரில் செலவழிப்பதை விட்டு, அந்தப் பணத்தில் இன்னும் நாலு போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்டலாம். ஓட்டுகிற ஒவ்வொருவரும் அன்றைக்குப் பாதையில் நின்று வேலையும் பார்க்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் வழக்கம். சிவப்புக் கொடியும் வாக்கி டாக்கியுமாக நின்று, சாய்ந்த கூம்பை ஓடிப் போய் நிமிர்த்தி, சாக்பீஸால் வரைந்த கட்டத்துக்குள் வைக்க வேண்டும். உங்களைவிட 2 விநாடி வேகமாக ஓட்டுகிறவர் எங்கே பிரேக் பிடிக்கிறார், எங்கே முன் சக்கரங்களை நேராக்குகிறார் என்று பாதையோரத்தில் நின்று பார்க்கிற இடம் அது. நான் எப்போதும் ஸ்லாலத்தின் கடைசிக் கூம்புக்குப் பக்கத்து இடத்தைத்தான் கேட்டு வாங்குவேன். வருகிற மே மாதமும் அங்கேதான் நிற்பேன், கையில் கொடியோடு.

நன்றி, வணக்கம்.