சத்தமில்லாத திணறல்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் நாம் உடனே சொல்வது, 'குளிர் ஒத்துக்கவில்லை, சளி கட்டிவிட்டது' என்பதுதான். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். நான் பேச வந்தது மற்றப் பிள்ளைகளைப் பற்றி. அவர்களுக்கு நுரையீரலில் குறை இருக்காது. அதை இயக்கும் மூளையோ நரம்போ தசையோ தளர்ந்திருக்கும்.

அல்சூரிலிருந்து ஒரு அம்மா 4 மாதக் குழந்தையைத் தூக்கிவந்தார். "சளிதான் டாக்டர், மூணு தடவை மருந்து குடுத்தாச்சு" என்றார். ஸ்டெதாஸ்கோப்பில் நெஞ்சு சுத்தமாகக் கேட்டது. சட்டையைக் கழற்றச் சொன்னேன். மூச்சை இழுக்கும்போது வயிறு உப்பியது, நெஞ்சு உள்ளே போனது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் ஓய்ந்துபோய், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானம் தனியாக உழைத்துக்கொண்டிருந்தது. கால்கள் தவளைபோல் விரிந்து கிடந்தன. அழுகை பூனைக்குட்டியின் முனகல் மாதிரி. கண்கள் மட்டும் அறையில் யார் நகர்ந்தாலும் கூடவே வந்தன. ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபி (எஸ்.எம்.ஏ.) என்ற மரபணு நோய் அது. தசையை இயக்கும் தண்டுவட நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழியும். இன்று மருந்து உண்டு, விலைதான் மலைக்க வைக்கும். ஆனால் அழிந்த நரம்பணுவை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. சளி மருந்தில் கழிந்த அந்த வாரங்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

தசை தளர்ந்த பிள்ளையால் திணறக்கூட முடியாது. அமைதியாகப் படுத்திருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் கடைசிவரை நல்ல அளவையே காட்டக்கூடும். அதனால் அழுகையையும் இருமலையும் கவனியுங்கள். இரண்டும் மெலிந்துகொண்டே போனால் காத்திருக்காதீர்கள்.

வயிற்றுப்போக்கு வந்து ஓரிரு வாரத்தில் கால் துவண்டு, துவளல் மேலேறுகிறதா? உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் குல்லன் பாரே நோயாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அங்கே பிள்ளையை ஒரே மூச்சில் எண்ணச் சொல்வோம். காலையில் 20 வரை எண்ணிய பிள்ளை மாலையில் 10லேயே நின்றால் மூச்சுத் தசைகள் தளர்கின்றன என்று அர்த்தம்.

அப்புறம், லீவுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. தரையில் படுத்துத் தூங்கும் பிள்ளையைக் கட்டுவிரியன் தீண்டினால் வலியே தெரியாமல் போகலாம், பல் பட்ட தடம்கூடத் தென்படாமல் இருக்கலாம். இந்தப் பாம்பின் விஷமும் மூச்சுத் தசைகளைச் செயலிழக்க வைக்கும். வயிற்றுவலி என்று எழுந்த பிள்ளைக்கு இமை தொங்கி, எச்சில் விழுங்க முடியாமல் போனால் உடனே 108ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் நேரத்துக்குக் கிடைத்தால் பிழைத்து நன்றாக நடமாட வாய்ப்பு உண்டு. ஊர்ப் பையில் ஒரு கொசுவலையும் வையுங்கள். ஓரங்களைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுத் தூங்க வையுங்கள்.