‘மா’ என்னும் ஓரெழுத்துச் சொல்

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டின் முகப்பில் நின்று பேசுகிறேன். நிலையில் கட்டியிருப்பது மாவிலைத் தோரணம்; அதன் கீழே அப்பத்தாள் காலையில் இட்டது மாக்கோலம். ஒரு மா மரம், இன்னொரு மா அரிசி மாவு. சங்கப் பாடல்களிலோ இதே மா குதிரையாகவும் யானையாகவும் வரும்.

இந்தத் தூண்கள் பர்மாத் தேக்கு. பர்மிய மொழியில் ‘ம’ என்று குறுகி ஒலிக்கும் சொல் பெண்ணின் பெயருக்கு முன்னால் மரியாதையாகச் சேர்கிறது. வினைக்கு முன்னால் வந்தால் மறுப்பாகிவிடுகிறது. தரைப் பளிங்கு வந்த இத்தாலியில் ‘மா’ என்றால் ‘ஆனால்’. செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன வியட்நாமின் சைகோனில்தான் இந்தச் சொல் என்னை மிகவும் வியக்க வைக்கிறது. வியட்நாமியத்தில் ஏற்ற இறக்கமின்றிச் சொன்னால் அது பேய், குரலை உயர்த்தினால் தெற்கத்திப் பேச்சில் அம்மா, தாழ்த்தினால் ‘ஆனால்’, தாழ்த்தி வெட்டி நிறுத்தினால் நெல் நாற்று. வயலை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தவர்கள், நாற்றைப் பேயாக்கிவிடாமல் பேச எவ்வளவு செவிப்பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இத்தாலியத்திலும் வியட்நாமியத்திலும் ‘ஆனால்’ ஒத்துப்போவதையும், சீனத்தில் ஒரு ‘மா’ குதிரையாக இருப்பதையும் காட்டி, இவை எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று பலர் பகிர்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உதடுகளை மூடித் திறந்தாலே பிறந்துவிடும் இந்த ஒலியை எந்த மொழியும் எடுத்துக்கொள்ளும். பல சொற்களில் ஒழுங்கான ஒலிமாற்றம் தெரிந்தால்தான் மொழியுறவு உறுதியாகும். இத்தாலியச் சொல், ‘அதிகம்’ எனப் பொருள்படும் லத்தீன் ‘மகிஸ்’ தேய்ந்து வந்தது. தமிழின் பெருமைக்குத் தற்செயல் ஒற்றுமைகளின் துணை வேண்டாம் என்று மனதாரச் சொல்கிறேன்.

பின்லாந்தின் ஃபின்னிய மொழியில் ‘மா’ என்றால் நிலம். நம்மிடமும் ‘இரண்டு மா நிலம்’ என்ற வழக்கு இருப்பதால் முதலில் நானும் மயங்கினேன். ஆனால் நம் மாவுக்கு நிலம் என்பது பொருளன்று. அது இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் பின்னம், வேலி என்னும் பழைய நில அளவை இருபதாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு கூறு. ஐயா பெட்டகத்தில் வைத்திருந்த பத்திரத்தில் அந்தப் பின்னத்தைத் தனிக் குறியாகவே எழுதியிருக்கிறார்கள். கேமராவை அருகில் கொண்டுவருகிறேன், இந்த மூன்றாவது வரியைப் பாருங்கள்.