2.99 டாலருக்கு நான்கு குரல்

எல்லாருக்கும் வணக்கம். போன வீடியோவில் திட்டித் தீர்த்தேனே, அன்றைக்குப் போட்டிருந்த அதே சட்டைதான், ஆனால் இன்றைக்கு மூட் வேறு. கையில் என்ன இருக்கிறது பாருங்கள். லிட்டில் பிக் டவுன் என்ற அமெரிக்க கன்ட்ரி இசைக் குழுவின், அதாவது அந்த ஊர் கிராமியப் பாணிப் பாட்டுக் குழுவின், முதல் ஆல்பம், 2002இல் வந்தது, குழுவின் பெயரையே ஆல்பத்துக்கும் வைத்திருக்கிறார்கள். எத்தனை நாளாகத் தேடுகிறேன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்.

முதலில் விலைக் கதை. பழைய சிடிக் கடையில் 6.99 டாலர் என்று ஸ்டிக்கர். ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்தது, சும்மா நகத்தால் தூக்கினேன், அடியில் இன்னொரு ஸ்டிக்கர், 2.99! கவுன்ட்டரில் ஒன்றும் பேசாமல் காட்டினேன், அவர் சிரித்துவிட்டு 2.99க்கே கொடுத்தார். வெளியே வந்து காரில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். அந்த இரண்டு ஸ்டிக்கரின் பசையை எடுக்கத்தான் அரைமணி நேரம் ஆயிற்று, கடைசியில் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டதும் போனது. சரி, சரி, பாட்டுக்கு வருகிறேன்.

இவர்கள் நான்கு பேர், இரண்டு பெண், இரண்டு ஆண். கேரன் ஃபேர்சைல்ட், கிம்பர்லி ஷ்லாப்மேன், ஜிம்மி வெஸ்ட்புரூக், ஃபிலிப் ஸ்வீட். இந்தக் குழுவில் 'இவர்தான் பாடகர், மற்றவர்கள் பின்பாட்டு' என்ற கணக்கே கிடையாது, யார் வேண்டுமானாலும் முன்னால் வருவார்கள். ஹார்மனி என்றால் என்ன என்று போன தடவை கேட்டிருந்தீர்கள். ஒருவர் ச பிடிக்கிற அதே நொடியில் இன்னொருவர் க, இன்னொருவர் ப, மெட்டு நகர நகர எல்லாரும் சேர்ந்து நகர வேண்டும், அவ்வளவுதான். சொல்ல எளிது, ஒருவர் துளி நழுவினாலும் மொத்தமும் புளித்துவிடும்.

என்னைப் பிடித்து வைத்திருப்பது கேரனின் குரல். பெண் குரல் என்றால் மேலே பறக்கும் என்று நினைப்போம், இவர் அடியில் நின்று, கொஞ்சம் புகை படிந்த மாதிரி பாடுவார். ஜிம்மிக்கோ ஆண்களில் மெல்லிய, உயரமான குரல். இரண்டும் நடுவில் சந்திக்கிற இடத்தில் எது யார் என்று ஒரு நிமிடம் குழம்பும், அதற்கு மேலே கிம்பர்லி நூல் மாதிரி போவார். ஹெட்போன் போட்டு அந்த நூலை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டை முழுதாகக் கேளுங்கள், அப்புறம் பேசலாம்.

ஆனால் ஆல்பம் பிடித்ததா என்றால், பாதிதான். குரல்களை இஸ்திரி போட்டு மடித்து வைத்த மாதிரி பளபளவென்று ஆக்கிவிட்டார்கள், மூச்சு விடுகிற சத்தமே இல்லை. எனக்கு எரிச்சல் அங்கேதான், பாடத் தெரிந்தவர்களை எதற்கு இப்படிப் பாலிஷ் போட வேண்டும்? அதிலிருந்து சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, வெளியிட்ட இரண்டும் கன்ட்ரி பட்டியலில் முதல் 30க்குள் வரவில்லை, கம்பெனி ஒப்பந்தமும் போய்விட்டது. 2005இல் வேறு கம்பெனியில் 'தி ரோட் டு ஹியர்' போட்டபோது அதே நான்கு பேர்தான், 'பூன்டாக்ஸ்' பாட்டின் கடைசியில் ஒருவர் பின் ஒருவராக நுழைந்து குரல் மேல் குரல் ஏற்றுவார்கள் பாருங்கள், மண் வாசனை அடிக்கும். கன்ட்ரி பட்டியலில் முதலிடம் கிடைத்தது 2012இல், 'பான்டூன்' பாட்டுக்கு. முதல் ஆல்பத்திலிருந்து எண்ணினால் 10 வருடம்!

அடடா, ஒன்று விட்டுவிட்டேன். கிம்பர்லி ஷ்லாப்மேன் என்று சொன்னேனே, இந்த ஆல்பம் வந்த காலத்தில் அவர் கிம்பர்லி ரோட்ஸ், பழைய பேட்டிகளைத் தேடினால் அந்தப் பெயரில் தேடுங்கள். கேரனும் ஜிம்மியும் அப்போது கணவன் மனைவி இல்லை, கல்யாணம் 2006இல்தான். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்த இரண்டு குரலும் சேருகிற இடம் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது, நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வீடியோவில் இரண்டு ஆல்பத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறேன். இதோ, டப்பாவை ஆட்டுகிறேன், கடகடவென்று கேட்கிறதா? நடுவில் சிடியைப் பிடிக்கிற பல் உடைந்திருக்கிறது, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். பல் உடையாத காலி டப்பா யாரிடமாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், 2.99க்கு மேல் தர மாட்டேன்.