பரணில் படித்த பூகோளம்

நேயர்களுக்கு வணக்கம். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவர்கள் யாராவது இருந்தால், சில வேதிவினைகள் எந்த வழியில் நடக்கும் என்று கணித்துச் சொல்லும் உட்வர்ட்–ஹாஃப்மன் விதிகள் என்று சொன்னதுமே தேர்வுக்கு முந்தின ராத்திரி ஞாபகம் வரும். கல்லூரியில் அந்தப் பாடத்தை நடத்தியவன் நான். பயப்படாதீர்கள், இன்றைக்கு வேதியியல் பேசப் போவதில்லை. அந்த இரண்டு பெயர்களில் பின்னால் வருகிறவரைப் பற்றி, அவருடைய ஐந்து வயதிலிருந்து ஏழு வயது வரையான கதையைச் சொல்லப்போகிறேன்.

ரோல்ட் ஹாஃப்மன் பிறந்தது 1937-இல், ஸ்லோச்சுவ் என்ற ஊரில். அப்போது அது போலந்து. இன்றைக்கு உக்ரைனில் ஸோலோச்சிவ். யூதக் குடும்பம். அப்பா ஹில்லல் சஃப்ரான், லிவிவ் பாலிடெக்னிக்கில் படித்த கட்டடப் பொறியாளர். அம்மா கிளாரா ஆசிரியப் பயிற்சி பெற்றவர். தென்துருவத்தை முதலில் எட்டிய ரோல்ட் அமுண்ட்சன் பெயரைத்தான் மகனுக்கு வைத்தார்கள்.

1941 ஜூலையில் ஜெர்மன் படை ஊருக்குள் வந்தது. அதுவரை ஊரைக் கையில் வைத்திருந்து, பின்வாங்கிப் போன சோவியத் போலீஸ் கோட்டைச் சிறையில் கைதிகளைக் கொன்று போட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தப் பழியை யூதர்கள் தலையில் போட்டு, அதே கோட்டையில் அவர்களைக் கொன்று குவித்தார்கள். கொன்றவர்களில் ஜெர்மானியர்களோடு உள்ளூர்க்காரர்களும் உண்டு. மறு ஆண்டு ஆகஸ்டிலும் நவம்பரிலும் ரயில் ஏற்றி, பெல்ஸெக் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்களை கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்துவைக்கும் ஒதுக்குப் பகுதியில், நெருக்கித் திணித்தார்கள். சஃப்ரான் குடும்பம் கெட்டோவிலிருந்து உழைப்பு முகாமுக்குப் போனது.

அப்பாவின் படிப்பு அங்கே கைகொடுத்தது. பாலம், சாலை வேலை தெரிந்த ஆள் ஜெர்மானியர்களுக்குத் தேவைப்பட்டார். அதனால் மற்ற கைதிகளுக்கு இல்லாத கொஞ்சம் நடமாட்டம் அவருக்குக் கிடைத்தது. அதை வைத்து அவர் முதலில் செய்த காரியம், காவலர்களுக்கு லஞ்சம் கொடுத்து மனைவியையும் மகனையும் முகாமைவிட்டு வெளியே அனுப்பியதுதான். இது 1943 தொடக்கத்தில். அந்த ஏப்ரலில் ஊர் கெட்டோவையே துடைத்து அழித்தார்கள். சில மாதம் தாமதித்திருந்தால், என் பாடப்புத்தகத்தில் அந்த இரண்டாவது பெயர் இருந்திருக்காது.

தாயும் பிள்ளையும் போய்ச் சேர்ந்த இடம் பக்கத்தில் உள்ள யுனிவ் கிராமம். மிகோலா டியுக் என்ற உக்ரைனியப் பள்ளி ஆசிரியர், பள்ளிக் கட்டடத்துப் பரணில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். இரண்டு மாமாக்களும் ஒரு அத்தையும் உடன் இருந்தார்கள். பிறகு கீழே ஒரு சாமான் அறையிலும் ஒளிந்திருந்தார்கள். யூதருக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1941 அக்டோபரிலேயே ஆணை போட்டிருந்தார்கள். டியுக்குக்கு மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு. அவ்வளவு பேரின் உயிரும் அந்தப் பரணில் யாரும் இருமாமல் இருப்பதைப் பொறுத்தது.

ஐந்து வயதுப் பையனை ஒரு மணி நேரம் சத்தம் போடாமல் உட்கார வைத்துப் பாருங்கள். இங்கே ஏறக்குறைய ஒன்றரை வருஷம். ஓடக்கூடாது, கத்தி அழக்கூடாது. ஜன்னல் வழியே பார்த்தால் வெளியே அவன் வயசுப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

அந்தத் தாய் என்ன செய்தார் தெரியுமா? பாடம் நடத்தினார். பரணில் பள்ளியின் பழைய பாடப்புத்தகங்கள் கிடந்தன. அதை வைத்து எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். பூகோளப் புத்தகத்தை மனப்பாடம் செய்ய வைத்தார். செய்ததும் கேள்வி கேட்டார். எந்த நாடு எங்கே, எந்தக் கடல் வழியாகப் போனால் எந்த ஊர் வரும் என்றெல்லாம். கால் நீட்ட இடம் இல்லாத பையன் உலகம் முழுக்கச் சுற்றி வந்தான். அந்தக் காலத்தை நினைக்கும்போது, அன்பால் பின்னிய ஒரு கூட்டுக்குள் இருந்ததாகத்தான் ஹாஃப்மன் சொல்கிறார். வாத்தியார் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இதைவிடக் கடினமான வகுப்பு ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

அப்பா முகாமிலேயே தங்கிவிட்டார். எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். கைதிகளுக்கு ஆயுதம் சேர்த்து, முகாமை உடைத்துத் தப்பிக்கும் திட்டம் ஒன்றில் அவர் இறங்கியிருந்தார். திட்டம் வெளியே தெரிந்துவிட்டது. 1943 ஜூனில் சித்திரவதை செய்து கொன்றார்கள். செய்தி பரணுக்கு வந்து சேர்ந்தது. வாய்விட்டு அழவும் வழியில்லை. கணவர் சார்பியல் கோட்பாட்டுப் புத்தகம் ஒன்றைப் படித்துக் குறிப்பு எடுத்துவந்த நோட்டு கிளாராவிடம் இருந்தது. தன் துக்கத்தை அதில் எழுதினார்.

1944 கோடையில் சோவியத் படையான செஞ்சேனை வந்தது. உறவினர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. அதற்கப்புறமும் வீடு என்று ஒன்று அமையவில்லை. பிஷெமிஷில், கிராக்கோவ், பிறகு செக்கோஸ்லோவாக்கியா, ஆஸ்திரியாவில் ஒரு அகதி முகாம், ஜெர்மனியில் இன்னொன்று, மூனிக் என்று அலைந்து, 1949 பிப்ரவரியில்தான் அமெரிக்கக் கரையில் இறங்கினார்கள். இதற்கிடையில் அம்மா மறுமணம் செய்துகொண்டார். ஹாஃப்மன் என்பது அந்தப் பால் ஹாஃப்மனின் பெயர். பிரியமான அப்பாவாக இருந்தவர். 1981-இல் மகனுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு காலமானார்.

இந்தக் கதையைக் கேட்டால் நம் ஊரில், "தெய்வாதீனமாகப் பிழைத்தார்கள்" என்று சொல்லி முடித்துவிடுவோம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பாலம் கட்டத் தெரிந்தவர் தன் தொழிலை வைத்து வழி திறந்தார். பாடம் நடத்தத் தெரிந்தவர் பிள்ளையின் வாயைக் கட்டாமலே சத்தத்தை அடக்கினார். கிராமத்து வாத்தியார் ஒருவர் நாள் தவறாமல் சோறும் தண்ணீரும் ஏற்றி, கழிவை இறக்கினார். தினமும் யாரோ ஒருவர் கையால் நடந்த வேலை இது. இவ்வளவு கைகள் கிடைக்காத யூதக் குழந்தைகள் சுமார் 15 லட்சம் பேர் அந்தப் போரில் கொல்லப்பட்டார்கள்.

இன்னொரு செய்தி. அதே யுனிவ் கிராமத்தில் கிரேக்கக் கத்தோலிக்க மடம் ஒன்று உண்டு. அங்கிருந்த துறவிகளும் யூதப் பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள். அவர்களில் ஒரு சிறுவன் ஆடம் ரோட்ஃபெல்ட். பெற்றோர் இருவரையும் இழந்தவர். 2005-இல் போலந்தின் வெளியுறவு அமைச்சரானார். மடத்தின் தலைவர் கிளெமெந்தி ஷெப்டிட்ஸ்கியோ போருக்குப் பின் சோவியத் சிறையில் அடைபட்டு, 1951-இல் அங்கேயே இறந்தார்.

2006-இல் ஹாஃப்மன் தன் மகனையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு யுனிவுக்குப் போனார். மகனுக்கு அப்போது ஐந்து வயதில் ஒரு பிள்ளை. பரண் அப்படியே இருந்தது. கீழே இருந்த சாமான் அறையை வேதியியல் வகுப்பறையாக மாற்றியிருந்தார்கள். நான் கதை எழுதுகிறவனாக இருந்தால் இதை எழுதத் துணிந்திருக்க மாட்டேன், செயற்கை என்று திட்டுவீர்கள். டியுக் தம்பதிக்கு, யூதர்களைக் காத்தவர்களுக்கான கௌரவத்தை இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவு நிறுவனமான யாத் வஷேம் வழங்கியிருக்கிறது. ஊரில் கொல்லப்பட்டவர்களுக்கு 2009-இல் ஸோலோச்சிவில் ஒரு நினைவுச்சின்னமும் எழும்பியது. அதற்கு முன்னின்று முயன்றவர் ஹாஃப்மன்.

நன்றி, வணக்கம்.