படித்துறையில் ஆள் இருந்தவரை

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்க் குளத்துப் படித்துறையில் மூன்றாவது கல் நடுவில் குழிந்திருக்கும். தலைமுறை தலைமுறையாகத் துணி அடித்துத் துவைத்த தேய்மானம் அது. என் அத்தைக்கு அதுதான் வாடிக்கையான கல். அதில் உட்கார்ந்தபடியே என்னைத் தண்ணீரில் இறக்கி நீந்தப் பழக்கினார்.

1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெற்போகங்களும் விளைந்தது குளத்தை நம்பித்தான். கரைக்குச் சற்று உள்ளே, தண்ணீரில் இரண்டு கல்தூண்கள் நிற்கும், அடியில் மடை. நிறைகுளத்தில் மூச்சை அடக்கி முங்கி அடைப்பை எடுப்பவரை ஊரே கரையில் நின்று பார்க்கும். அவர் தலை வெளியே தெரிகிறவரை யாரும் பேசமாட்டார்கள். குளம் பெருகினால் மறுகால் பாய்ந்து, ஓடை வழியே அடுத்த ஊர்க் குளத்துக்குப் போகும். கோதையாற்றில் 1897இல் தொடங்கி 1906இல் பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்த பிறகும் குளங்களின் வேலை குறையவில்லை. கால்வாயில் வந்த அணைநீரைத் தேக்கி வைத்தவை அவைதான்.

ஊர்ப்பொது என்றுதான் சொன்னோம். ஆனால் ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கே சுசீந்திரத்தில் 1926இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. படித்துறைகளிலும் அந்தத் தடை இருந்தது. இதை மறைத்துவிட்டுக் குளத்தின் பெருமையைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

பிறகு வீட்டுக்குள் குழாய் வந்தது. குடம் சுமந்தவள் நான். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் படித்துறை வெறிச்சோடியது. முன்பெல்லாம் யாராவது குப்பையோடு வந்தால் குளித்துக்கொண்டிருக்கும் பெண்களே சத்தம் போட்டு விரட்டுவார்கள். இன்று இரவோடு இரவாகக் கட்டட இடிபாடுகளைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள், கேட்க ஆளில்லை. தண்ணீரை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. மேலே ஓடையை மண்ணிட்டு நிரப்பியதால் ஒரு கும்பப்பூ முழுக்க எங்கள் வயல்கள் தரிசாகக் கிடந்தன.

சுசீந்திரம் தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கூழைக்கடாக்கள் வந்திறங்கும் அந்த நீர்ப்பரப்பைக் காணக் கண் நிறைகிறது. பட்டியலில் இல்லாத சிறு குளங்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

சென்ற சித்திரையில் தண்ணீர் வற்றியபோது, பாசி காய்ந்த அந்த மூன்றாவது கல்லைப் பேரனுக்குக் காட்டினேன். குழியில் கையை வைத்துப் பார்த்து, “இதை யார் பாட்டி செதுக்கியது?” என்று கேட்டான். என் அத்தையின் பெயரைச் சொன்னேன்.