சூரிய வெளிச்சத்துக்கும் வட்டி உண்டு

(தூய ஆற்றல் முதலீடு குறித்து வேலூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தோல் தொழிலிலிருந்தும் வங்கிகளிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, பொறியியல் பயிலும் மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

இத்தகைய தலைப்பில் பேச வருபவர்கள் வழக்கமாகப் பசுமை ஹைட்ரஜனில் தொடங்கிக் கடலுக்குள் நடும் காற்றாலையில் முடிப்பார்கள். இரண்டும் வேலூருக்கு இப்போதைக்குத் தொலைவு. 2019 வரை ஒன்றாக இருந்து, பிறகு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த இந்த மாவட்டங்களில் பருவநிலைக்கான முதலீடு முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் வெந்நீரும் நீராவியும்தான் என்பது என் கருத்து. அதைச் சொல்வதற்கு முன், புதிய தொழில்நுட்பம் உலகில் எப்படி மலிவானது என்பதைச் சற்றுப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் அந்த வரலாற்றை நாம் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறோம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கான் சூரிய மின்கலத்தை 1954-ல் காட்டியது. விழும் ஒளியில் சுமார் 6 விழுக்காட்டை அது மின்சாரமாக்கியது. அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது செயற்கைக்கோளுக்கும் கைக்கணிப்பானுக்கும் உரிய பொருளாகவே இருந்தது. நிலைமையை மாற்றியதில் புதிய கண்டுபிடிப்பைவிடக் கொள்முதல் உறுதிக்கே பங்கு அதிகம். ஜெர்மனி 2000-ல் ஒரு சட்டம் இயற்றி, கூரையில் விளையும் மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு நிர்ணயித்த விலையில் வாங்கிக்கொள்வதாக உறுதி அளித்தது. வாங்க ஆள் உண்டு என்று தெரிந்ததும் சீனத்தில் தொழிற்சாலைகள் எழுந்தன. உற்பத்தி பெருகப் பெருக விலை இறங்கியது. நம் நாட்டிலும் அதே கதைதான். தேசிய சூரிய ஆற்றல் இயக்கத்தின்கீழ் 2010-ல் நடந்த முதல் ஏலத்தில் ஒரு யூனிட்டின் சராசரி விலை சுமார் 12 ரூபாய். 2017 மே மாதத்தில் ராஜஸ்தானின் பத்லாவில் அது 2 ரூபாய் 44 காசுக்கு வந்தது.

இதைவிடத் தெளிவான உதாரணம் உங்கள் வீட்டு விளக்கு. எல்.இ.டி. பல்பு ஒன்றை 2014 தொடக்கத்தில் 310 ரூபாய்க்கு வாங்கிய மத்திய அரசு நிறுவனம், கோடிக்கணக்கில் மொத்தக் கொள்முதல் செய்ததால் 2016-ல் அதையே 38 ரூபாய்க்கு வாங்கியது. அந்த இரண்டு ஆண்டுகளில் பல்புக்குள் புதிய அறிவியல் எதுவும் பிறந்துவிடவில்லை. ஏலம் விட்ட முறைதான் புதிது. புத்தாக்கம் என்றதும் வெள்ளை அங்கி அணிந்த விஞ்ஞானியை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். டெண்டர் எழுதிய அதிகாரியையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கண்டுபிடிப்பை மட்டும் நம்பிப் பணம் போட்டவர்கள் பட்ட பாடும் உண்டு. அமெரிக்காவின் துணிகர முதலீட்டு நிறுவனங்கள் 2006 முதல் 2011 வரை தூய ஆற்றல் நிறுவனங்களில் சுமார் 2,500 கோடி டாலரைப் போட்டு, அதில் பாதிக்கு மேல் இழந்தன. ஒரு செயலியை எழுத ஓர் அறையும் நான்கு கணினிகளும் போதும். ஒரு பேட்டரித் தொழிற்சாலைக்கு நிலம், இயந்திரம், கச்சாப்பொருள், ஐந்தாறு ஆண்டுப் பொறுமை எல்லாம் வேண்டும். மூன்றே ஆண்டில் லாபம் கேட்கும் பணம் அதற்குப் பொருந்தாது. அந்த இடத்தில் அரசின் பணம் வேறு விதமாக நடந்துகொண்டது. அமெரிக்க எரிசக்தித் துறையின் கடன் அலுவலகம் சோலிண்ட்ரா என்ற சூரியத் தகடு நிறுவனத்துக்கு 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் தந்தது. அது 2011-ல் திவாலானது. அதே அலுவலகத்தில், இன்னொரு திட்டத்தின்கீழ், டெஸ்லா வாங்கிய 46.5 கோடி டாலர், 2013-ல் தவணைக்கு முன்பே திரும்பி வந்தது. நம் ஊரில் முதல் செய்தி வந்த உடனே திட்டத்தை மூடியிருப்பார்கள்; விசாரணைக் குழுவும் அமைத்திருப்பார்கள்.

இப்போது வட்டிக்கு வருகிறேன். நிலக்கரியிலோ டீசலிலோ இயங்கும் இயந்திரத்துக்கு முதலீடு குறைவு, அன்றாட எரிபொருள் செலவு அதிகம். சூரியத் தகட்டுக்கு அன்றாடச் செலவு ஏறக்குறைய இல்லை. இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கான மொத்தச் செலவையும் முதல் நாளிலேயே கொட்டியாக வேண்டும். ஆகவே கடனுக்கு வாங்கும் வட்டிதான் சூரிய மின்சாரத்தின் எரிபொருள் செலவு. ஒரு கோடி ரூபாய்க் கடனை 20 ஆண்டுகளில் சம தவணைகளாக அடைப்பதாக வைத்துக்கொள்வோம். 6 விழுக்காடு வட்டியானால் ஆண்டுக்குச் சுமார் 8.7 லட்சம் கட்ட வேண்டும். 12 விழுக்காடானால் சுமார் 13.4 லட்சம். தகடு அதேதான், வெயிலும் அதேதான். ஐரோப்பாவில் மலிவான வட்டிக்கு வாங்குகிறவனுக்கும், நல்ல வெயிலடிக்கும் ஆம்பூரில் 12 விழுக்காட்டுக்கு வாங்குகிறவருக்கும் உள்ள வேறுபாடு ஆண்டுக்கு 4.7 லட்சம் ரூபாய். வேலூர் வெயிலைப் பற்றி நாம் எவ்வளவு பெருமையாகப் புலம்பினாலும், அந்த வெயில் தரும் சாதகத்தில் பெரும்பகுதியை வங்கிப் படிவம் தின்றுவிடுகிறது.

நம் பகுதிக்கு வருவோம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் ஷாப்புகள் எனப்படும் பதனிடும் ஆலைகளால் பாலாறு என்ன ஆனது என்பதை இந்த அவைக்கு நான் சொல்லத் தேவையில்லை. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு பட்டியல் சொல்வார்கள். கோட்டைக் கோயிலுக்குச் சாமி 1981-லேயே வந்துவிட்டார், ஆறு மட்டும் பட்டியலிலேயே நிற்கிறது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. அதை நீதியின் வெற்றியாகப் போற்றுகிறோம், சரி. அந்த வழக்கு ஒரு சந்தையையும் உருவாக்கியது என்பதை நாம் கவனிப்பதில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்காவிட்டால் கதவை மூட வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான் தனித்தனி முதலாளிகள் பங்கு போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கம்பெனிகளாகவே நடத்தத் தொடங்கினார்கள். ஜெர்மனியில் கொள்முதல் உறுதி செய்ததை இங்கே நீதிமன்ற அச்சம் செய்தது. வேலை பாதியில் நிற்கிறது என்பதும் உண்மை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே ஆற்றின் மாசுக்காக மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

அந்த நிலையங்களுக்குள் என்ன நடக்கிறது என்று சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகாமல் இருக்க அவற்றில் உப்பைத் தேய்த்து அடுக்குகிறார்கள். நூறு கிலோ தோலுக்கு ஏறக்குறைய நாற்பது கிலோ உப்பு வரை போகும். ஊறவைக்கும் முதல் தண்ணீரிலேயே அந்த உப்பு கரைந்துவிடுகிறது. நுண்ணுயிரிகளைக் கொண்டு அழுக்கை நீக்கலாம், தோல் பதனிடச் சேர்க்கும் குரோமியத்தைத் தனியே படியவைத்து எடுக்கலாம். உப்பை எந்த நுண்ணுயிரியும் தின்பதில்லை. அதனால்தான் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதி வந்தபோது, கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வு வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரித்து, எஞ்சும் கடும் உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்கும் ஏற்பாட்டுக்கு நிலையங்கள் போயின.

இங்கேதான் ஆற்றின் கணக்கும் காற்றின் கணக்கும் ஒன்றாகின்றன. கொதிநிலையில் இருக்கும் ஒரு டன் நீரை முழுவதும் ஆவியாக்கச் சுமார் 627 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 100 யூனிட். அப்படி ஆறு வீடுகளுக்குக் கிடைப்பதை ஒரு டன் உப்புநீர் ஒரே மூச்சில் குடித்துவிடுகிறது. பல கட்ட ஆவியாக்கிகள் ஒரு கலனில் எழும் ஆவியைக் கொண்டே அடுத்த கலனைக் குறைந்த அழுத்தத்தில் கொதிக்கவைப்பதால் இந்தத் தேவை வெகுவாகக் குறைகிறது என்றாலும், பாய்லரும் அதற்கான விறகும் நிலக்கரியும் ஓயவில்லை. ஆற்றுக்குப் போக இருந்த மாசின் ஒரு பகுதியைப் புகைபோக்கி வழியே வானத்துக்கு அனுப்புகிறோம் என்று சொன்னால் தோல் தொழில் நண்பர்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் கணக்கு அதைத்தான் சொல்கிறது. இறுதியில் கலனின் அடியில் எஞ்சும் கலப்பு உப்பைக் கேட்பாரில்லை.

எஞ்சுவதற்குப் பணம் ஒதுக்காத தொழில்நுட்பம் என்ன செய்யும் என்பதை 2015 ஜனவரி 31 அதிகாலையில் பார்த்தோம். ராணிப்பேட்டை சிட்கோ பகுதியில் சுத்திகரிப்பு நிலையத்தின் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, சேறு பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். மானியம் இயந்திரம் வாங்கக் கிடைக்கும். சேற்றை அப்புறப்படுத்த யாரும் நாடா வெட்டி விழா எடுப்பதில்லை.

மாற்று வழிகள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியவை அல்ல. எழும் ஆவியை வெளியே விடாமல் ஒரு காற்றழுத்தியால் அழுத்திச் சூடேற்றி, அதே கலனைக் கொதிக்கவைக்கப் பயன்படுத்தும் இயந்திரங்கள் உலகெங்கும் பால்பவுடர் ஆலைகளில் ஓடுகின்றன. நான் சொன்ன 627 யூனிட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மின்சாரமே அவற்றுக்குப் போதும், அந்த மின்சாரம் கூரைத் தகட்டிலிருந்தும் வரலாம். சாயமேற்றும் டிரம்முக்கு வேண்டியது 50, 60 டிகிரி வெந்நீர். அதற்காகப் பாய்லரில் நூற்றைம்பது டிகிரியில் நீராவி உண்டாக்கி, பிறகு தண்ணீர் கலந்து ஆற்றுவது வீண். ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு சுற்றுப்புறத்திலிருந்து மூன்று யூனிட் அளவுக்கு வெப்பத்தைத் திரட்டித் தரும் வெப்ப ஏற்றிகள் இந்த அளவு சூட்டுக்கு ஏற்றவை. கூரையில் வைக்கும் சூரிய நீர்ச்சூடேற்றியும் பாதி வேலையைச் செய்துவிடும். இன்னும் முன்னால் போனால், தோலை உப்பிடாமல் குளிரூட்டிப் பாதுகாத்தால் காய்ச்ச வேண்டிய உப்பே குறையும். அது ஆட்டுத்தொட்டியிலிருந்து ஷாப் வரை குளிர்பதனச் சங்கிலி கேட்கும் வேலை, எளிதல்ல. ஆனால் முதலீட்டாளர் ஒருவர் என்னிடம் கேட்டால் நான் முதலில் காட்டும் இடம் அதுதான். தோலிலிருந்து சுரண்டி எடுக்கும் சதைக்கழிவை நொதிக்கவைத்து எரிவாயு எடுக்கும் முறையைச் சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துத் தந்திருக்கிறது.

இவற்றைச் செய்யக் கைகளும் அருகிலேயே இருக்கின்றன. ராணிப்பேட்டையில் பெல் (பி.எச்.இ.எல்.) என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலை அனல்மின் நிலையங்களுக்கான தூசு வடிப்பான்களையும் காற்றுச் சூடேற்றிகளையும் விசிறிகளையும் செய்கிறது. அதைச் சார்ந்து வளர்ந்த சிறு பட்டறைகளில் தகடு வளைக்கவும் குழாய் பற்றவைக்கவும் தெரிந்தவர்கள் ஏராளம். ஆவியாக்கி என்பது அவர்களுக்குப் புரியாத மர்மம் இல்லை. தகடு, குழாய், விசிறி, பற்றவைப்பு. நிலக்கரி ஆர்டர் குறையும்போது முதலில் வாடுவது அந்தப் பட்டறைகள்தான். அவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான மறுவாழ்வு எனக்குத் தோன்றவில்லை.

ராணிப்பேட்டையில் 2021-ல் தொடங்கிய மின் ஸ்கூட்டர் ஆலையும், பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் அடிக்கல் நாட்டப்பட்ட கார் ஆலையும் வரவேற்கத்தக்கவை. அவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். சூரிய பம்ப்செட்டுகளைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை சொல்லிக் கடக்கிறேன்: செலவில்லாமல் பகலெல்லாம் ஓடும் பம்பு, பாலாற்றங்கரைக் கிணறுகளை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் காசாக்கும் வழி விவசாயிக்கு இருந்தால்தான் மோட்டாரை நிறுத்த அவருக்கு மனம் வரும்.

வங்கி நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஈடு கேட்கிறீர்கள். சிறு முதலாளி மனைப் பத்திரத்தை ஏற்கெனவே நடைமுறை மூலதனத்துக்காக உங்களிடமே வைத்துவிட்டார். மிச்சமாகும் விறகுச் செலவையே தவணைக்கு ஆதாரமாகக் கொள்ளும் கடன் இங்கே அரிது. ஒரு தனி ஷாப்புக்கு அப்படிக் கொடுக்க நீங்கள் அஞ்சுவது நியாயம்தான். ஆனால் பத்திருபது முதலாளிகள் பங்குதாரராக உள்ள சுத்திகரிப்பு நிலையம் ஒரு கம்பெனி. ஒவ்வொரு பங்குதாரரிடமும் மாதக் கட்டணம் வசூலிக்கும் வழக்கம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. கட்டணம் கட்டாதவரின் கழிவுநீர்க் குழாயை அடைக்கவும் அதற்கு முடியும். இதைவிட உறுதியான வசூல் ஏற்பாடு உங்கள் கிளையில் எத்தனை கடன்களுக்கு உண்டு? அரசின் பசுமை நிதி எதுவானாலும், அதைத் தனித்தனி மானியமாகச் சிதறவிடாமல், இத்தகைய கூட்டுக் கடன் திரும்பாமல் போனால் முதல் நட்டத்தை ஏற்கும் உத்தரவாதமாக வைத்தால் 12 விழுக்காடு வட்டி கீழே இறங்கும்.

நிலையங்களை நடத்துவோர் அதற்குமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு டன் உப்புநீரை ஆவியாக்க எத்தனை கிலோ விறகு, எத்தனை யூனிட் மின்சாரம் ஆகிறது என்ற கேள்விக்கு, மாதக் கடைசியில் விறகு லாரி பில்லைக் கூட்டிச் சொல்லும் விடை வங்கிக்குப் போதாது. நீராவிக் குழாயில் ஒரு மீட்டர், ஆவியாக்கிக்குள் போகும் குழாயில் ஒரு மீட்டர் பொருத்தி, மழைக்காலமும் கோடையும் அடங்க ஓர் ஆண்டுப் பதிவை எடுங்கள். இங்கே அமர்ந்திருக்கும் இறுதியாண்டு மாணவர்கள் அந்தப் பதிவேட்டை எழுதலாம். அவர்களுக்கும் புராஜெக்ட் வேண்டுமல்லவா. அடுத்த ஆண்டு அந்தப் பதிவேட்டோடு எல்லா நிலையங்களும் சேர்ந்து ஒரே விண்ணப்பமாக வங்கிக்குப் போகலாம்.