கை மாறிய வளையம்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் பேராக்கில் இருக்கிற சுங்கை சிப்புட் ஸ்டேஷனின் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். புகைவண்டி என்றதும் எல்லாரும் கரி என்பார்கள். நான் சிறுவனாகப் பார்த்த பெரிய எஞ்சின்களுக்கு எண்ணெய்தான் தீனி. கிளாஸ்கோவில் செய்தவை, மூன்று சிலிண்டர். பக்கவாட்டில் நம் நாட்டு ஊர்ப் பெயர்கள் இருக்கும். தெமர்லோ என்றுகூட ஒன்று. தோட்டத்துப் பையன்கள் நாங்கள் பெயர் படிக்கவே வேலியோரம் நிற்போம்.

ஆனால் எனக்குப் பெரிசு எஞ்சின் இல்லை, வளையம். அப்பா அங்கே பாயிண்ட்ஸ்மேன், அதாவது ரயிலுக்குத் தண்டவாளத்தை மாற்றிவிடுகிறவர். அப்போது ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்துவிட்டால்? அதற்குத்தான் வளையம். அதன் தோல் பையில் ஓர் இரும்புச் சாவி. நம் ஸ்டேஷனிலும் அடுத்த ஸ்டேஷனிலும் ஒவ்வொரு சாவிப் பெட்டி, நடுவே கம்பித் தொடர்பு. ஒன்றில் சாவியை எடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பிப் போகிற வரை இரண்டிலும் வேறு சாவி வராது. சாவி கையில் இல்லாமல் டிரைவர் நகர மாட்டார். மறுபடி சொல்கிறேன், போகலாம் என்று கைகாட்டி இறங்கினாலும் சரி, சாவி இல்லாமல் நகர மாட்டார்.

நிற்கிற ரயிலுக்கு இது சுலபம். நிற்காத மெயிலுக்கு? அப்பா பிளாட்பார ஓரத்தில் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பார். எஞ்சினில் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் பயர்மேன் படியில் தொங்கியபடி முழங்கையை வளையத்துக்குள் விட்டு வாரிக்கொண்டு போவார். முந்தின ஸ்டேஷனில் வாங்கிய பழைய வளையத்தை அவர் வீச, அது சரளைக்கல்லில் விழுந்து உருளும். அதைத் தேடி எடுத்துக்கொண்டு அப்பா ஓடுவார், பெட்டிக்குள் போட. பயர்மேன் கையெல்லாம் கன்றிப் போயிருக்கும். அம்மாவுக்கு அந்த நேரம் வாசலில் நிற்கவே பிடிக்காது. எனக்கோ அதுதான் வேடிக்கை.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூர் புக்கிட் தீமா ஸ்டேஷனில் 2011 ஜூன் 30 வரை இதே வளையம்தான் கை மாறியது.

இதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆச்சு என்று கை காட்டுகிறார்கள். ஈப்போ குனோங் சீரோ கோயில் தைப்பூசத்துக்குத் தோட்டத்து ஜனம் மூன்றாம் வகுப்பில் காவடியோடு ஏறியதையும், 1957இல் டீசல் வந்த பிறகும் நீராவி கூடவே ஓடியதையும் சொல்ல வைத்திருந்தேன். சரி, அது அடுத்த முறை கூப்பிட்டால். நன்றி, வணக்கம்.